பிலாவிளைக்குப் பேரு வந்தது பிலாவாலயா, ராஜாவாலயா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம் பிலாவிளை உங்க ஊரு, பிலான்னா பலா மரம். ரேஷன் கார்டுல பிலாவிளைன்னு இருக்கு, மினிபஸ் போர்டுல பிளாவிளைன்னு இருக்கு, போன வருஷம் ஊர் முகப்புல வச்ச வளைவுல பலாவிளைன்னு எழுதிட்டாங்க. உங்க பாட்டி "பெரிய பிலாவு ஒண்ணு நின்னுது மக்ளே, அதுக்க பேருதான்"னு சொல்லுதாவ. ஊர் வாட்ஸ்அப் குரூப்புல சுத்துற மெசேஜோ, திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா அவர எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார்ங்கிற பிரபுக்கள்கிட்ட இருந்து தப்பிக்க உங்க ஊரு பிலாவுக்க பொந்துக்குள்ள ஒளிஞ்சிருந்தாரு, அதனாலதான் இந்தப் பேருன்னு சொல்லுது. வாசகசாலை ஆண்டுவிழா மலர்ல ஊர் வரலாறு எழுதுற பொறுப்பு உங்க தலையில வந்துருக்கு, எத எழுதட்டும்னு கேக்குறீங்க. ரெண்டு கதையிலயும் பிலா இருக்கு, அதனால பேரோட அர்த்தத்துல உங்களுக்கு சந்தேகமே இல்ல. பாட்டி சொல்றதையும் மெசேஜ் சொல்றதையும் எத வச்சு எடை போடுறதுங்கறதுதான் உங்க கேள்வின்னு நான் எடுத்துக்கிடுதேன்.

நான் கல்வெட்டு படிச்சவன் கிடையாது, காலேஜ்ல வரலாறு எடுத்தவனும் கிடையாது. 34 வருஷம் பத்திரம் எழுதுனவன், கல்குளம் விளவங்கோடு தாலுகாவுல உள்ள நிலங்களோட பிரமாணத்த, அதாவது பத்திரத்த, படிச்சு படிச்சே கண்ணாடி போட்டவன். 1956 நவம்பர் 1-ந்தேதி நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் இது திருவிதாங்கூர் பூமி, அதனால பழைய ஆதாரம், பத்திரத்துக்கு அப்படியும் சொல்லுவோம், நிறைய மலையாளத்துல இருக்கும், எங்க அப்பாதான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்ன உக்கார வச்சு அந்த எழுத்த சொல்லித் தந்தாரு. ஒரு துண்டு நிலத்துக்கு மூணு தலைமுறையா என்ன பேரு எழுதிருக்காங்கன்னு என்னால உறுதியா சொல்ல முடியும். அதுக்கு முன்னால உள்ள காலத்தப் பத்தி பெரியவங்க ஆராய்ச்சி பண்ணி எழுதினத படிச்ச அளவுக்குத்தான் சொல்லுவேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத பாதிய எடுத்துக்கிடுவோம், விளை. நெல்லு விளையிற தாழ்ந்த பூமிக்கு நாம வயல்னு சொல்லுவோம், கல்குளம் விளவங்கோடு பக்கம் ஏலான்னு சொல்லுவோம். அதுக்கு மேல கொஞ்சம் ஏறி, தண்ணி நிக்காத மேட்டுல தெங்குங்கிற தென்னை, பனை, பிலா, மாமரம், புளி, மரச்சீனிங்கிற மரவள்ளின்னு நிக்குற பூமிதான் விளை. இன்னைக்கும் பலாப்பழத்த மனசுல வச்சு "விளையில சக்க கிடக்கு, எடுத்துட்டு வா"ன்னா யாரும் அர்த்தம் கேக்க மாட்டாங்க. இந்த சொல்லு எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சா உங்களுக்கு சந்தோஷமா இருக்கும். முஞ்சிறை பக்கம் பார்த்திபபுரம் கோயில் இருக்குல்லா, அத உண்டாக்கினது கருநந்தடக்கன்ங்கிற ஆய் வம்சத்து ராஜா. அவரோட செப்பேடு கிடைச்சிருக்கு, அதுல கலியுக நாள் கணக்கு போட்டுருக்கு, அது கி.பி. 866-ஆம் வருஷத்துக்கு வருது. அந்த செப்பேட்டுல ராஜா சும்மா நிலத்த புடுங்கிக்கிடல, முஞ்சிறை சபையாருக்கு மாத்து நிலம் குடுத்து அவங்ககிட்ட இருந்து உழக்குடிவிளைங்கிற பூமிய வாங்குறாரு, நாலு அதிரும், அதாவது எல்லையும், குறிக்கிறாரு, அதுல பெருமாளுக்கு கோயில் கட்டி பார்த்திவசேகரபுரம்னு பேரு வைக்கிறாரு, 95 சட்டர்கள், அதாவது வேதம் படிக்கிற மாணவங்க, தங்கிப் படிக்க ஒரு சாலையும், அதாவது பள்ளிக்கூடமும், உண்டாக்குறாரு. உழக்குடிவிளை, கவனிச்சீங்களா. ஆயிரத்தி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு துண்டு மேட்டு நிலத்துக்கு விளைன்னே பேரு, நாலு அதிரு எழுதி கைமாறுது. நான் 34 வருஷமா எழுதுனதும் அதே தான், ராஜாவுக்கு பதிலா ரப்பர் வெட்டுற ஆளும் கொத்தனாரும் வாங்குவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த செப்பேட்டப் பத்தி முதல்ல படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

சரி, நிலத்தோட பேரு எப்படி ஊரோட பேரா மாறுச்சு? இதுக்கு நம்ம பக்கம் வீடு இருக்குற விதத்த பாக்கணும். நாஞ்சில் நாட்டு பக்கம், அதாவது தோவாளை அகஸ்தீஸ்வரம் தாலுகாவுல, தெரு தெருவா வீடு ஒட்டி ஒட்டி இருக்கும், சுத்தி வயல் கிடக்கும். கல்குளம் விளவங்கோடு பக்கம் அப்படி இல்ல, அவங்கவங்க விளையில அவங்கவங்க வீடு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல அம்பது தெங்கு நிக்கும். அதனால நிலத்துக்கு என்ன பேரோ அதுவே வீட்டுப் பேரு. பிலாவிளையில வீடு வச்சவன் பிலாவிளை வீட்டுக்காரன், அவன் பிள்ளைங்க வேற விளை வாங்கி போனாலும் அந்த வீட்டுப் பேர கூடவே கொண்டு போவாங்க. பிறகு அந்த விளைக்குப் பக்கத்துல ஒரு சாயக்கடை வரும், அந்த முக்குக்கு பிலாவிளைன்னு பேராகும், பஸ் வந்தா அதுதான் ஸ்டாப்பு, ஸ்டாப்ப வச்சு சுத்துவட்டாரம் முழுக்க பிலாவிளை ஆயிடும். ஒரு ஏக்கர் நிலத்தோட பேரு முந்நூறு வீட்டுக்கு பேரா ஆன கதைய நான் பிரமாணத்துலயே படி படியா பாத்துருக்கேன்.

ஒண்ணு சொல்லுதேன். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால ஒரு வயசான அம்மா, பாகம் பிரிக்கதுக்கு வந்தாங்க, கையில ஒரு பிஸ்கட் டின். உள்ள நாலா மடிச்ச ஆதாரம், டின்னுக்க துரு மடிப்புல இறங்கி பழுப்பா கோடு விழுந்திருக்கு, மேல திருவிதாங்கூர் சங்கு முத்திரை. மடிப்ப பிரிச்சா நடு மடிப்புல கிழிஞ்சிரும்னு பயந்து ஒரு கண்ணாடிக்கு மேல வச்சு மெதுவா விரிச்சேன். கொல்லம் ஆண்டு 1082, சிங்க மாசம், அதாவது நம்ம ஆவணி. மலையாளத்துல பிளாவிளைன்னு தெளிவா புரையிடத்துக்கு, அதாவது வீட்டு மனைக்கு, பேரு போட்டுருக்கு, கிழக்க தோடுங்கிற ஓடை, தெக்க நடைவழி, மேக்க வேற ஒரு வீட்டுக்காரங்க விளை, வடக்க ஏலா. அதுக்குக் கீழ மரங்களோட கணக்கு, தெங்கு எத்தன, அயனி எத்தன, புளி எத்தன, பிலாவு ஏழு. நான் வாசிச்சு சொல்லச் சொல்ல அந்த அம்மா விரல் மடக்கி எண்ணிக்கிட்டே இருந்தாங்க, "ஏழுல ரெண்டு எனக்கு ஓர்மை இருக்கு பிள்ளே, ஒண்ணு வரிக்கன், ஒண்ணு கூழன், வரிக்கனுக்க மூட்டுல தான் நாங்க ஊஞ்சல் கெட்டுவோம்"னாங்க. வரிக்கன்னா சுளை கெட்டியா உள்ள பிலா, கூழன்னா சுளை குழைவா உள்ளது. அது உங்க பிலாவிளை கிடையாது, அந்தப் பேருல நம்ம மாவட்டத்துல ஒண்ணு ரெண்டு இடமா இருக்கு. ஆனா உங்க ஊர்லயும் எந்த மாதிரி காகிதம் இருக்கும்னு இதுல இருந்து தெரிஞ்சுக்கிடலாம்.

பிளா, பிலா, பலா குழப்பமும் இதுலயே தீந்துரும். மலையாளத்துல அந்த மரத்துக்கு பிளாவுன்னு ஒரே மூச்சுல சொல்லுவாங்க, நம்ம பேச்சுல பிலாவு, புஸ்தகத் தமிழ்ல பலா. 56-க்குப் பிறகு போர்டும் ரிக்கார்டும் தமிழுக்கு மாறும்போது ஒவ்வொரு கிளார்க்கும் அவங்கவங்க காதுக்கு கேட்ட மாதிரி எழுதிட்டாங்க. மூணும் ஒரே மரம். வளைவுல பலாவிளைன்னு எழுதினது அர்த்தத்துல தப்பில்ல, ஆனா ஊர்க்காரங்க வாயில வர்ற பிலாவிளையே இருந்துருக்கலாம்ங்கறது என் ஆசை, ஏன்னா பிலான்னு சொல்றது கொச்சை இல்ல, அது நம்ம பூமியோட சொல்லு.

மரத்த வச்சு இடத்துக்குப் பேரு வைக்கிறது இங்க சாதாரணம். இலவுவிளை இருக்கு, ஆலமூடு இருக்கு, புளியமூடு இருக்கு. மூடுன்னா மரத்தோட அடி. களியக்காவிளைக்கு போற வழியில படந்தாலுமூடுன்னு ஒரு ஊரு, வேகமா சொன்னா ஒண்ணும் புரியாது, நிறுத்தி சொல்லிப் பாருங்க, படர்ந்த ஆலு மூடுன்னு காதுல விழும். மரம் இல்லாட்டி சந்த, திங்கள்சந்தையும் வெள்ளிச்சந்தையும் சந்த கூடுன கிழமையத்தான் பேரா வச்சிருக்கு. மண்ண வச்சும் உண்டு, சரல்விளைன்னா சரல் மண்ணு. ஆக பிலா நின்ன விளைக்கு பிலாவிளைன்னு பேரு வந்தது இந்த வரிசையில அப்படியே உக்காருது, எங்கயும் இடிக்கல.

அதுக்காக காதுல விழுறத அப்படியே நம்பவும் கூடாது. நானே ஒரு தடவ தப்பா சொல்லிட்டேன். கொல்லவிளைன்னு ஒரு புரையிடம், கொல்லன் உலை இருந்த இடமா இருக்கும்னு அந்த வீட்டுக்காரங்ககிட்ட அடிச்சு சொன்னேன், அவங்களும் அத பத்து பேருகிட்ட சொல்லிட்டாங்க. பிறகு அவங்களோட முன்பிரமாணம் ஒண்ணு கிடைச்சுது, பாத்தா மரக்கணக்குல கொல்லாமாவு, கொல்லாமாவுன்னு வரிசையா இருக்கு, அதாவது அண்டி மரம், முந்திரி. திரும்பப் போய் அவங்ககிட்ட தப்பு சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். அதுல ஒரு நல்லதும் படிச்சேன், மரம் பேருக்கு காலமும் சொல்லும். கொல்லாமாவு பறங்கிக்காரங்க, அதாவது போர்ச்சுகீசியர், 16-ஆம் நூற்றாண்டுல கொண்டு வந்தது, அதனால அந்த மரத்த வச்சு வந்த பேரு அதுக்கு முன்னால இருக்க வழியில்ல. மரச்சீனி அதுக்கும் பிந்தி, 1880-ல இருந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தான் திருவிதாங்கூர் முழுக்க அத பரப்பினாரு. பிலாவுக்கு இந்த மாதிரி எல்லை கிடையாது. நாஞ்சில் மலைய ஆண்ட நாஞ்சில் வள்ளுவன புறநானூறுல ஔவையார் பாடும்போதே பெரிய பலா மரங்கள் நிக்குற நாஞ்சிலுக்குத் தலைவன்னு தான் பாடுறாங்க. அப்பவும் பிலா இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அதனால பிலாவிளைங்கிற பேர மட்டும் வச்சு உங்க ஊருக்கு வயசு சொல்ல முடியாது, ஆயிரம் வருஷம்னும் எழுதாதீங்க, நூறு வருஷம்னும் எழுதாதீங்க.

இனி ராஜா கதை. மார்த்தாண்ட வர்மா பிலாவுக்க பொந்துல ஒளிஞ்ச கதை ஒண்ணு நிச்சயமா உண்டு, ஆனா அது கேரளாவுல உள்ள நெய்யாற்றின்கரைக்கு உள்ளது. அங்க கிருஷ்ணசாமி கோயில் வளாகத்துல அம்மச்சி பிலாவு, அதாவது அம்மா பிலான்னு, அந்த மரத்தோட பட்டுப்போன அடிய இன்னைக்கும் பாதுகாத்து வச்சிருக்காங்க, களியக்காவிளை தாண்டுனா கொஞ்ச தூரம் தான், ஒரு நாள் போய் பாத்துட்டு வாங்க, பாக்க வேண்டிய இடம். 1729-ல பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னால அவரு எதிரிங்களுக்குத் தப்பி இந்தப் பூமியில இடம் மாறி மாறித் திரிஞ்சாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதனால ஒவ்வொரு ஊர்லயும் அவரு ஒளிஞ்ச ஒரு இடம் உண்டு. உங்க ஊர்ல நடந்திருக்கவே முடியாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கதையோட அமைப்ப பாருங்க. ராஜா வர்றதுக்கு முன்னாலயே மரம் நிக்கணும், நின்னா ஜனங்க அந்த விளைய பிலாவிளைன்னு தான் சொல்லிருப்பாங்க, அப்ப ராஜா வந்து பேருக்கு என்ன கூட்டினாரு? அவரால பேரு வந்துருந்தா அவரோட அடையாளம் ஏதாவது பேருக்குள்ள இருக்கணும். அம்மச்சி பிலாவுங்கிற பேருல அம்மச்சி இருக்கு, அதுக்கு ஒரு கதை வேண்டி வருது. பிலாவிளையில விளையும் பிலாவும் மட்டும் தான் இருக்கு. பக்கத்து ஊரு பெரிய கதை, நம்ம ஊரு பேருல பிலா இருக்குறத பாத்து இங்க வந்து ஒட்டிக்கிட்டுதுன்னு தான் எனக்கு நல்லா தோணுது.

ராஜாக்க பேரு வைக்கிற முறையே வேற. புரம், நல்லூர், மங்கலம்னு முடியும், முன்னால ராஜாவோ சாமியோ இருக்கும். அழகியபாண்டியபுரம் அப்படி. மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதி வச்சாரு, கல்குளம் அரண்மனை ஊரு பத்மநாபபுரம் ஆச்சு. ஆனா பாருங்க, தாலுகாவுக்கு இன்னைக்கும் கல்குளம்னு தான் பேரு. மார்த்தாண்டம் அவரோட பேரு, ஆனா வயசானவங்க தொடுவெட்டின்னு தான் சொல்லுவாங்க, சந்தைக்கு போனாலும் தொடுவெட்டி சந்தைக்குப் போறேம்பாங்க. ராஜராஜ சோழன் காலத்து கல்வெட்டுல கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர், சுசீந்திரம் சுந்தரசோழ சதுர்வேதிமங்கலம். ரெண்டையும் இன்னைக்கு யாராவது சொல்றாங்களா? கோட்டாறு கோட்டாறாவே இருக்கு. ஜனங்க வாயில கிடந்த பேருக்கு உள்ள கெட்டி, கொடுத்த பேருக்கு எப்பவும் வர்றதில்ல. ஒரு மனுஷனால பேரு மாறி அது நின்ன ஊரும் உண்டு, அய்யா வைகுண்டரால பூவண்டன்தோப்பு சாமித்தோப்பு ஆச்சே, அங்க ஆர்டர் போட்டு மாத்தல, தேடி வந்த ஜனங்களே அப்படி கூப்பிட்டு கூப்பிட்டு மாறுச்சு.

அப்போ பாட்டி சொல்றது தான் எப்பவும் சரியான்னு கேட்டா, அதுக்கும் நான் ஆமாம்னு சொல்ல மாட்டேன். சிதறால் மலைய பாத்திருப்பீங்க. ஊர்க்காரங்க சொக்கன்தூங்கி மலைம்பாங்க, அதுக்கு கதையும் சொல்லுவாங்க. அங்க உள்ள கல்வெட்டுல அது திருச்சாரணத்துமலை, சாரணர்னா சமண முனிவர்கள், பாறையில வரிசையா தீர்த்தங்கரர் உருவங்க செதுக்கியிருக்கு. சமணம் இங்க இருந்து போச்சு, கோயில் பகவதி கோயில் ஆச்சு, அந்தப் பழைய பேர ஜனங்க மறந்துட்டாங்க, கல்லு மட்டும் மறக்கல. மூணு நாலு தலைமுறைக்குள்ள உள்ளத சொல்றதுல பாட்டிங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது, அதுக்கு மேல போனா எழுதி வச்சது இருந்தா தான் பிடி கிடைக்கும். பூதப்பாண்டிய எடுத்துக்கோங்க, சங்க காலத்து பூதப்பாண்டியன் பேருல வந்த ஊருன்னு சொல்றவங்க உண்டு, பூதலிங்கசாமி கோயில வச்சு வந்துச்சுன்னு சொல்றவங்களும் உண்டு. ரெண்டு பேருமே படிச்சவங்க. இந்த மாதிரி இடத்துல நான் ரெண்டையும் எழுதி வச்சுட்டு ஒரு பக்கம் சாயாம விட்டுருவேன்.

உங்க மலருக்கு இத செய்யுங்க. ஊர்ல பழைய குடும்பம் நாலஞ்சு இருக்கும், டிரங்குப் பெட்டியில முன்பிரமாணம் இருக்கான்னு கேளுங்க, பட்டா பாஸ்புக்க விட ஒற்றி, பாகப்பிரிவினை, இஷ்டதானம் இந்த மாதிரி பழைய காகிதங்கள்ல தான் விளையோட பேரு முழுசா இருக்கும். தேதி கொல்லம் ஆண்டுல இருக்கும், சிங்கத்துல இருந்து டிசம்பர் வரை உள்ள தேதின்னா 824 கூட்டுங்க, ஜனவரிக்குப் பிறகுன்னா 825, நான் சொன்ன 1082 சிங்கம் 1906 ஆகஸ்டுக்கு வரும். நாலு அதிரையும் எழுதி எடுத்துக்கோங்க, அதுல உள்ள தோடும் ஏலாவும் இப்ப எங்க இருக்குன்னு வயசானவங்கள கூட்டிட்டு நடந்து பாருங்க, முதல் பிலாவிளை எந்த துண்டு நிலம்னு கண்டுபிடிச்சிரலாம், சில இடத்துல அந்த நிலம் இப்ப கல்யாண மண்டபமா இருக்கும். 1880-கள்ல தொடங்கி 1911 வாக்குல முடிஞ்ச திருவிதாங்கூர் செட்டில்மென்ட், அதாவது நிலத்த அளந்து வரி போட்ட வேலை, அதோட ரிஜிஸ்டர்லயும் நிலத்தோட பேரு வரும், தாலுகா ஆபீஸ்ல விண்ணப்பம் போட்டு கேளுங்க, ஒரே நடையில கிடைக்கும்னு நெனைக்காதீங்க. இன்னொண்ணு, தேடும்போது பக்கத்து விளைகளுக்கு ஜாதிப் பேரு சேத்து எழுதினது கண்ணுல படலாம், இப்ப அங்க உள்ளவங்க வேற பேரு வச்சிருப்பாங்க. அவங்க மாத்தினது நியாயம், பழைய பேர மலர்ல போட்டு யார் மனசையும் நோகடிக்க வேண்டாம், உங்க நோட்டுல மட்டும் இருக்கட்டும்.

மலர்ல எழுதும்போது "பிலா நின்ன மேட்டு நிலத்தோட பேரு ஊருக்கு ஆச்சு"ன்னு உறுதியா எழுதலாம். பாட்டி சொன்னத பாட்டி பேரோட, அவங்க வயசோட, அவங்க சொன்ன வார்த்தையிலயே போடுங்க, அந்த மரம் எந்த வருஷம் விழுந்துச்சு, மரத்தடிய யாரு வாங்கினான்னு எல்லாம் இப்பவே கேட்டு எழுதி வைங்க, அத சொல்ல வேற ஆள் இருக்காது. ராஜா கதைய விட மனசில்லன்னா "இப்படியும் ஒரு கதை ஊர்ல சொல்றாங்க, இதே கதை நெய்யாற்றின்கரையிலயும் உண்டு"ன்னு ரெண்டு வரி சேருங்க, பொய் சொன்ன மாதிரி ஆகாது. பழைய ஆதாரம் ஏதாவது கிடைச்சு மலையாளத்துல இருந்தா ஆளுங்க பேரையும் சர்வே நம்பரையும் மறைச்சுட்டு முதல் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, வெயில்ல வைக்காம ஜன்னல் பக்கம் வச்சு எடுங்க, படிச்சு சொல்லுதேன்.